மேலத்தெரு வழியாக இரண்டாம் பாதி

பொங்கலன்று புதுப்படம் என்று வடகரை முழுக்கப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. படப்பெட்டியைத்தான் காணோம். திருச்சி பட ஆபீஸில் எந்தப் புண்ணியவானோ எங்கள் பெட்டியில் வேறு ஊர்ச் சீட்டை ஒட்டி அனுப்பியிருந்தான். நீடாமங்கலம் ஜங்ஷனில் இறங்கியது ஒரே பெட்டி. அது நீடாமங்கலம் கொட்டகைக்குச் சேரவேண்டியது. அந்தக் குமாஸ்தாவை நான் திட்டிய திட்டில் மாதாவே காதைப் பொத்தியிருப்பாள்.

எங்கள் டூரிங் கொட்டகை முதலாளி அல்லா பிச்சை தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஆபரேட்டர், என்னால் அப்படி உட்கார முடியுமா? நீடாமங்கலம் போய் அந்தக் கொட்டகைக்காரர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, ஒரு பெட்டியை இரண்டு கொட்டகைக்கும் பங்கு வைத்தேன். அங்கே முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்த ரீல்கள் சைக்கிளில் எங்களுக்கு வரும். பிறகு இரண்டாம் பாதி வரும். அது வந்ததும், முதல் பாதி அவர்களுடைய இரண்டாம் ஆட்டத்துக்குத் திரும்பிப் போய்விட வேண்டும்.

சைக்கிளுக்கு மருதையனை விட்டால் ஆள் கிடையாது. கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டுவது, மணல் பரப்புவது எல்லாம் அவன்தான். மற்ற நேரத்தில் வயல் வேலை. தெற்குத்தெருக்காரன்.

நீடாமங்கலம் ரோடு எங்கள் ஊருக்குள் மேலத்தெரு வழியாகத்தான் நுழைகிறது. அது மிராசுதார் நாகநாதன் வகையறா குடியிருக்கும் தெரு. தெற்குத்தெரு ஆட்கள் அங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். யார் போட்ட சட்டமோ, எந்த சர்க்காரும் எழுதியதில்லை. ஆட்சி மாறி, மேடைக்கு மேடை சமத்துவம் பேசியாகிவிட்டது; அந்தத் தெருவுக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை. இறங்கப் பிடிக்காதவர்கள் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அந்தக் கரையில் சைக்கிள் ஓடாது, சேற்றில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த மார்கழியில் அறுவடைக் கூலித் தகராறு முற்றி, விவசாயக் கூலிகள் சங்கத்தில் இனி மேலத்தெருவில் யாரும் இறங்குவதில்லை என்று பேசி முடித்திருந்தார்கள். பேசியதோடு சரி. முதலில் யார் மிதிப்பது என்பதில்தான் நின்றது.

முதல் பாதியை மருதையன் வழக்கம்போல மேலத்தெருவில் இறங்கித் தள்ளிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அந்த மூச்சிலேயே திரும்பிப் போனான். நான் படத்தை ஓட்டினேன். கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்னால் மணல் தரையில் தெற்குத்தெரு முழுக்க, ஆளுக்கொரு மணல் மேடு குவித்து உட்கார்ந்திருந்தது. பின்னால் நாற்காலியில் நாகநாதன் குடும்பத்தோடு வந்திருந்தார். இடைவேளை விட்டோம். சோடா தீர்ந்தது, கடலை தீர்ந்தது, மருதையன் வரவில்லை. விசில் கிளம்பியது.

"இருதயம், போய்ப் பாருய்யா. தட்டியப் பிச்சுப் போட்டுருவானுங்க," என்றார் அல்லா பிச்சை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். மேலத்தெரு முனையில், மதகுக் கட்டையில் ஒரு காலை ஊன்றியபடி, சீட்டை விட்டு இறங்காமல் மருதையன் நின்றிருந்தான். பின்னால் கேரியரில் ரீல் டப்பாக்கள். எதிரே நாகநாதனின் ஆட்கள் தடியோடு நின்றார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் இல்லை, இவன் மேல். "ஏன்டா, ஊரே அங்க காத்துக் கெடக்கு. எறங்கி நாலு எட்டு நடந்தா கொறஞ்சா போயிடுவே?"

"கொறஞ்சு கொறஞ்சுதான் இங்க வந்து நிக்கிறோம், ஆபரேட்டரே," என்றான். அவனுக்குக் குரல் ஏறவே இல்லை. "ரீலு அவசரம்னா நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. ஒங்கள யாரும் தடுக்க மாட்டாங்க. நான் எறங்கலை."

அவன் சொன்னது சரி. டப்பாக்களை என் சைக்கிளில் மாற்றிக் கட்டினால் படம் ஓடும். கை கேரியர் வரைக்கும் போனது. அவன் ஊன்றியிருந்த கால் கிடுகிடுவென்று நடுங்கியதை அப்போதுதான் பார்த்தேன். பயந்துகொண்டேதான் நின்றிருக்கிறான், பாவி. டப்பாவைத் தொடாமல் வண்டியைத் திருப்பினேன்.

கொட்டகையில் நாற்காலிப் பக்கமிருந்துதான் சத்தம் அதிகமாக வந்தது. "என்ன ஆபரேட்டரே, காசு வாங்கிட்டுப் பாதிப் படமா காட்டுறீங்க?" என்று நாகநாதன் கேட்டார். நான் மிஷின் ரூமுக்குள் போனேன். ஒரு கண்ணாடிச் சில்லை அரிக்கேன் விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, ஆணியால் கீறித் திரையில் போட்டேன். பிள்ளை காணாமல் போனாலும் கரண்ட் போனாலும் நாங்கள் அப்படித்தான் சிலைடு போடுவோம்.

"சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லி, திரு. மருதையனை மேலத்தெருவில் மறித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதி அவரிடம் இருக்கிறது."

தரையில் ஒருவன் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். விசில் நின்றது. மணலில் இருந்த அத்தனை தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது.

அல்லா பிச்சை என் கையைப் பிடித்தார். "கொட்டகை நிக்கிறதே அவரு தரிசுலய்யா. என் குடியக் கெடுத்தியே." எனக்கும் பயம்தான். ஆனால் சிலைடை எடுக்கவில்லை.

நாகநாதன் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ரீலை விடச் சொல்லு. இன்னைக்கு மட்டும்."

மருதையன் சைக்கிளிலேயே வந்து இறங்கினான். விசில் கூரையைப் பிய்த்தது. நான் ரீலை மாட்டிப் படத்தை ஓடவிட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தால், அவன் முதல் பாதி டப்பாக்களைக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னடா, அதான் விட்டுட்டாங்களே."

"வரும்போது விட்டாங்க. அது அவரு பாக்கப்போற ரீலு. போம்போது இருக்கறது எல்லாரும் பாத்து முடிச்ச ரீலு. 'திரும்பி வருவல்ல, அப்பப் பாத்துக்கறோம்'னு சொல்லித்தான் விட்டானுங்க."

அல்லா பிச்சைக்கு முகம் வெளிறிவிட்டது. "கரை வழியாப் போயிருப்பா. கொஞ்சம் லேட்டானா ஆவுது. நீடாமங்கலத்துக்காரன நான் சமாளிச்சுக்கறேன்."

"இன்னைக்குக் கரையில போனா என்னைக்கும் கரைதாங்க, மொதலாளி," என்றான் மருதையன்.

அவன் பெண்சாதி ராமாயி பெண்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள்.

"எந்திரிங்கடி. படத்துல கடைசில எல்லாரும் ஒண்ணு சேந்துருவாங்க, வேற என்ன ஆவப்போவுது? எம் புருஷன் தனியாப் போறாரு."

ஒருத்தி மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். ஆண்கள் பக்கமும் கிளம்பியது. பொங்கலுக்கு ஒரு படம் பார்க்கிற ஜனம் அது. பாதிப் படத்தில் எழுந்து போவதை என் சர்வீஸில் நான் கண்டதில்லை. திரையில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மருதையன் சைக்கிளை மெதுவாக மிதித்தான். அவனைச் சுற்றி எல்லோரும் நடந்து போனார்கள். மிஷினை விட்டு நகர முடியாத பிழைப்பை நொந்துகொண்டேன்.

எங்களிடம் இருந்தது ஒரே மிஷின். ரீல் தீர்ந்தால் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். அந்த ரீல் தீர்ந்து விளக்கைப் போட்டேன். தரை முழுக்க வெறும் மணல் மேடுகள். நாற்காலியில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். அந்த நிசப்தத்தில் மேலத்தெருவிலிருந்து சைக்கிள் மணி கேட்டது. ஒரே சீராக, எங்கேயும் நிற்காமல், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் நீடாமங்கலம் ரோட்டில் தேய்ந்தது.

நாகநாதன் நாற்காலியை விட்டு எழுந்து தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கய்யா போனாங்க எல்லாரும்?"

"ஒங்க தெருவுக்குத்தாங்க," என்றேன்.