இரண்டு சிவப்புப் புள்ளிகள்

மாப்பிள்ளை பேசுவதற்கு முன்னால் கை துடைத்துக்கொள்வான். ஒரு கேள்வி கேட்டால் போதும், இடுப்பில் செருகிய துணியை உருவி, விரல் விரலாகத் துடைத்து, நகக்கண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அதற்குள் மாமியார் வண்டிக்காரம்மாவுக்குக் காது வழியாகப் புகை கிளம்பிவிடும். "பதில் என்ன விரல்ல இருந்தா வருது?" என்று மகளிடம் எத்தனையோ முறை கேட்டாயிற்று.

பட்டறை என்று அவன் சொல்லிக்கொள்வது நாலு தகரத்தை நிறுத்தி, மேலே ஒரு தகரத்தைப் போட்ட இடம். பின்பக்கம் ஒட்டினாற்போல ஓர் அறையும் சமையலறையும். அங்கேதான் மகள் குடித்தனம் நடத்துகிறாள். கல்யாணமான நாளிலிருந்து வண்டிக்காரம்மா அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. வாசலில் ட்ராக்டரை நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல், மேலே உட்கார்ந்தபடியே பேசிவிட்டுப் போவாள். மாப்பிள்ளைக்கு அவள் வைத்த பெயர் தகரம். நேரில் மட்டும் "மாப்பிள்ளை". அதையும் அவள் சொல்லுகிற விதத்தில் கேட்டால் தகரம் என்பதே தேவலாம் போலிருக்கும்.

அவளைச் சும்மா சொல்லக்கூடாது, வேலைக்காரி. ட்ராக்டரின் பின்னால் புல்வெட்டும் இயந்திரத்தைக் கோத்துக்கொண்டு மாட்டுப் பண்ணைகளுக்கெல்லாம் அவள்தான் புல் வெட்டித் தருகிறாள். கரை ஓரம் ஒரு பிடி புல்லை விடமாட்டாள், வேலிக் கம்பி ஒன்றைத் தொடமாட்டாள். ஆனால் அந்தக் கைக்கு வாய்த்த வாய் இருக்கிறதே! அவள் கண்ணுக்குப் பண்ணைக்காரர்கள் சோம்பேறிகள், கடைக்காரர்கள் திருடர்கள், மற்ற வண்டிக்காரர்களுக்கு ஸ்டீயரிங் எது பிரேக் எது என்று தெரியாது. "ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுமா?" என்பது அவளுடைய நித்தியப் பல்லவி. செத்துப்போன புருஷன் அதைக் கேட்டுக் கேட்டுக் கடைசிக் காலத்தில் பேசுவதையே விட்டுவிட்டார். ஒரு குவளை தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் காட்டுவார். அதற்கும் அவள், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவளுடைய ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது.

ட்ராக்டரின் சுழற்சியைப் பின்னால் இருக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோவது ஷாஃப்ட். அது ஒரே கம்பி அல்ல. குழாய்க்குள் ஒரு தண்டு நுழைந்து, தேவைக்கு நீளும், சுருங்கும். இரண்டு முனையிலும் கவை மாதிரி இரும்புப் பிடி, கவைக்குள் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு கிராஸ். மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் சாய்ந்தாலும் சுழற்சி அறுந்துபோகாமல் மடங்கிக்கொடுப்பது அந்த கிராஸ் ஜாயிண்ட்தான். வண்டிக்காரம்மாவின் பழைய ஷாஃப்டில் குழாய் கல்லில் மோதி முறுக்கிப்போனது. வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றுதான் கிளம்பினாள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த மகள் வழியை மறித்துக்கொண்டாள்.

"அம்மா, இந்த ஒரு தடவை அவர்கிட்ட குடு. ஊரெல்லாம் அவர்கிட்ட வேலை குடுக்குது, சொந்த மாமியார் குடுக்கலைன்னா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"சரியாத்தான் நினைப்பாங்க."

"அம்மா!" மகளின் குரல் உடைந்தது. "நீ அவரை நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டறது இதோட நிக்கணும். இன்னொரு தடவை பேசினே, எனக்கு அம்மாவே இல்லைன்னு நினைச்சுக்குவேன். சத்தியமா சொல்றேன்."

வண்டிக்காரம்மா சிரித்து மழுப்பினாள். உள்ளே மட்டும் சுருக்கென்றது. அவளுக்கு இருப்பது ஒரே மகள். எத்தனை வாய் இருந்தாலும் திட்டுவதற்குக்கூட வீட்டில் வேறு ஆள் இல்லை. சரி என்று கொடுத்தாள்.

அவன் செய்து முடித்த அன்று மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. பெரிய பண்ணையின் புல் முழுவதையும் மழைக்கு முன்னால் வெட்டியாக வேண்டும். அவசரத்தோடு போய் நின்றாள். அவன் ஷாஃப்டை மேசைமேல் கிடத்தியிருந்தான். குழாயும் தண்டும் புதுசு, கிராஸ் இரண்டும் புதுசு. குழாயில் ஒன்று, தண்டில் ஒன்று என்று எதிரெதிரே இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"இதென்ன மாப்பிள்ளை, பொட்டு வெச்சு அனுப்பறதுக்கு இதென்ன கல்யாணப் பொண்ணா?"

அவன் துணியை உருவினான். ஒரு விரல், இரண்டு விரல்.

"இல்ல அத்தை, பழசு மாதிரி இது இல்ல. அந்தச் சிவப்புப் புள்ளி ரெண்டும்…"

"போதும், போதும். எடுத்து வைங்க."

"நானே வந்து மாட்டிக் குடுத்துட்டு வந்துடறேன். பிரிக்காம அப்படியே…"

"நீங்க கை துடைச்சு முடிக்கறதுக்குள்ள மழை பெய்ஞ்சு ஓய்ஞ்சிடும். உங்க அப்பா பொறக்கறதுக்கு முந்தி இருந்தே எங்க குடும்பம் ஷாஃப்ட் மாட்டுது." கணக்குப் பார்த்தால் இது பச்சைப் பொய். ஆனால் கணக்குப் பார்க்கிற துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை.

ஷாஃப்ட் நீளம் என்பதால் அதை இரண்டாக உருவி இருக்கைப் பக்கத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். பண்ணையில் இறங்கியதும் கண்ணை உறுத்திய அந்தப் புள்ளிகளை முதலில் டீசல் நனைத்த துணியால் துடைத்தாள். தகரத்துக்கு அலங்காரம் ஒரு கேடா? பிறகு தண்டைக் குழாய்க்குள் தள்ளினாள். சட்டென்று நுழைந்தது. பழைய ஷாஃப்டின் குழாய் ஒரு பக்கம் மட்டும் புடைத்த வடிவம், சரியான வாக்கில் வைத்தால் ஒழிய நுழையாது. ஆகவே நுழைந்தால் சரி என்பது அவளுடைய கைப்பழக்கம். இது சுற்றிலும் பல் வெட்டிய தண்டு, எந்தப் பல்லில் வைத்தாலும் சமர்த்தாக நுழையும். அதை அவள் பார்க்கவில்லை. மாப்பிள்ளை செய்ததை உற்றுப் பார்ப்பது கௌரவக் குறைச்சல்.

முதல் சுற்றிலேயே இருக்கை தடதடவென்று ஆடியது. இரண்டாம் சுற்றில் அவளுக்குப் பல் கிட்டித்தது. பண்ணைக்காரர் வரப்பில் நின்று, "என்னம்மா, வண்டிக்குக் குளிர் காய்ச்சலா?" என்றார். அந்த மனிதருக்கு நகைச்சுவை என்று நினைப்பு.

"எல்லாம் எங்க வீட்டுத் தகரம் பண்ணின வேலை!" என்று அவள் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுமா அவனுக்கு? நான் சொன்னா எம்மகளுக்குக் கோவம் வருது!"

சொல்லும்போது அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இரும்பிலேயே சாட்சி கிடைத்துவிட்டது. வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கலாம், நிறுத்தவில்லை. ஆடட்டும், நன்றாக ஆடட்டும் என்று ஓட்டினாள். பாதி வயல் வெட்டுவதற்குள் படாரென்று ஒரு சத்தம். பின்பக்க கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் ரெண்டு அடி அடித்து விழுந்தது. நல்ல வேளை, கையோ காலோ போகவில்லை.

இறங்கிப்போய்க் கழற்றிப் புல்மேல் போட்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஷாஃப்டின் ஒரு முனைக் கவை நின்றுகொண்டிருந்தது, மறுமுனைக் கவை படுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இழுக்கும், ஒன்று உதைக்கும், கிராஸ் என்ன, எந்த இரும்பும் தாங்காது. வண்டி ஓட்டுகிற சின்னப் பையனுக்கும் தெரிந்த சங்கதி. பெட்டிக்குள் டீசல் துணி கிடந்தது, அதில் சிவப்பாக இரண்டு கறை.

வண்டிக்காரம்மா குந்தியபடியே சுற்றுமுற்றும் பார்த்தாள். பண்ணைக்காரர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டிருந்தார். தண்டை உருவினாள். கவைகள் இரண்டும் ஒரே வாக்கில் நிற்கும்படி திருப்பி, மறுபடி குழாய்க்குள் தள்ளினாள். துணியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினாள். இப்போது யார் வந்து பார்த்தாலும் தப்பு பட்டறையின் தப்பு.

எவ்வளவு சுலபமாக இருந்தது! அதுதான் அசிங்கம்.

பட்டறையில் மூன்று வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகளும் அங்கேதான் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரம்மா அந்த வாசலில் முதல் முறையாக இன்ஜினை அணைத்தாள். ஷாஃப்டை அவன் காலடியில் தடாலென்று போட்டாள்.

"பார்த்துக்குங்க எல்லாரும். காலையில வாங்கிட்டுப் போனது. பாதி வயலுக்குத் தாங்கலை. என் உசிரு போயிருக்கும்."

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். இப்போது பாய்வாள், அம்மாவே இல்லை என்பாள் என்று எதிர்பார்த்தாள். மகள் பாயவில்லை. வெளுத்துப்போய்ப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை குனிந்து ஷாஃப்டைத் தூக்கினான். உடைந்த கிராஸைத் திருப்பிப் பார்த்தான், தேய்ந்திருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு தண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பல் இடுக்கில் நகத்தை விட்டு நெம்பினான். நகக்கண்ணில் துளி சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் அதைப் பார்த்தான். அப்புறம் மாமியாரைப் பார்த்தான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் போல நின்றாள்.

அவன் துணியை எடுத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். சிவப்பு இருந்த நகத்தைக் கடைசியில் துடைத்தான்.

"கிராஸ் மட்டமான சரக்கா இருந்திருக்கும்," என்றான். "நான்தான் பார்த்து வாங்கலை. என் தப்பு."

பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரி அம்மாவைத் தலைமுழுகிவிடுவாள், அப்புறம் ராப்பகலாக அழுவாள். சொல்லாவிட்டால் கொஞ்சம் திட்டு. அவன் திட்டை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

மகளின் கையிலிருந்த டப்பா மேசையில் ணங்கென்று விழுந்தது.

"ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் அவள். "எங்கம்மா செத்திருந்தா? அவங்க சொல்றது சரிதான். தகரம்! சுத்தத் தகரம்!"

வாடிக்கைக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். மாப்பிள்ளை துணியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

வண்டிக்காரம்மா திரும்பி மகளின் வாயைப் பார்த்தாள். அதே வார்த்தை. அதே இழுப்பு. உதட்டோரத்தை இறக்குகிற அதே தினுசு. கேட்டுக்கொண்டு நின்றவனின் முகத்தில் அவளுடைய புருஷனின் முகம் வந்து உட்கார்ந்திருந்தது, இனி தண்ணீருக்கும் கையைத்தான் காட்டுவான் என்பதுபோல. இத்தனை வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்டது இதுதானே? மகள் வாயாலேயே கேட்டாயிற்று. காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"நிறுத்துடி," என்றாள். "அவர் சரியாத்தான் செஞ்சிருந்தாரு. புள்ளி வெச்சுக் குடுத்தாரு, நான்தான் துடைச்சேன். நான்தான் தப்பா மாட்டினேன். உடைஞ்சதுக்கு அப்புறம் திருப்பி வெச்சதும் நான்தான்."

சிரித்தவன் மேல்தகரத்தைப் பார்த்தான். மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். செத்த எலியைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வை யாருடையது என்பது வண்டிக்காரம்மாவுக்குத் தெரியாதா என்ன?

"திருப்பி வெச்சுட்டு வந்து, அவர் காலடியில போட்டே," என்றாள் மகள்.

"ஆமா."

"அப்பாவை நீ பேசினப்பல்லாம் நான் காதைப் பொத்திக்குவேன். இன்னிக்கு எப்படி வந்துச்சு பார்த்தியா, தட்டுத் தடங்கல் இல்லாம?" மகளின் கண் நிறைந்துவிட்டது. "நீ இனிமே இங்க வராதம்மா. கோவத்துல சொல்லலை. உன்னைப் பார்த்தா மறுபடியும் என் வாயில அது வந்துடும்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மாப்பிள்ளை அலமாரியிலிருந்து வேறொரு கிராஸை எடுத்துவந்தான். "அந்த முனையைப் பிடிங்க அத்தை," என்றான். அவள் பிடித்தாள். அவன் தட்டி இறக்கினான், வளையத்தைப் பூட்டினான், கவைகளை ஒரே வாக்கில் நிறுத்தினான். சின்னத் தூரிகையைச் சிவப்பில் தோய்த்துக் குழாயில் ஒரு புள்ளி, தண்டில் ஒரு புள்ளி வைத்தான். தகரத்தின் மேல் முதல் தூறல் விழுந்தது. பண்ணையில் மீதிப் பாதி வயல் நனையப்போகிறது, அவளுக்கு அது ஞாபகமே இல்லை.

"மாப்பிள்ளை," என்றாள் கடைசியில். இந்தத் தடவை அந்தச் சொல் வெறும் மாப்பிள்ளையாகத்தான் வந்தது. "நீங்க சொல்லுங்க. நான் இனிமே வரலாமா, வேண்டாமா?"

அவன் இடுப்புத் துணியை உருவினான். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவன் நகக்கண்ணைப் பார்த்தான், திரும்பிச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தான், மறுபடி துடைத்தான்.

"ஷாஃப்டுக்கு கிரீஸ் வைக்கணும், அடுத்த வாரம் கொண்டாங்க," என்றான். "பட்டறைக்கு நான் சொல்லலாம் அத்தை. வீட்டுக்கு அவதான் சொல்லணும்."

அவள் தலையாட்டினாள். ஷாஃப்டை உருவாமல், பெயிண்ட் ஈரம் கையில் பட்டுவிடாமல், குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள்.