பூவரசு வளையம்

கோபம் வந்தால் நான் முதலில் உளியைக் கீழே வைத்துவிடுவேன். சுற்றுகிற மரத்தின் முன்னால் கோபத்தோடு நிற்கக் கூடாது. அந்த ஒரு ஒழுக்கம்தான் என்னிடம் உண்டு, வாய்க்கு அதுகூடக் கிடையாது. அந்தப் புதன்கிழமை காலையில் உளியை வைத்தேன், லேத்தை நிறுத்தினேன், ஜாடியின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தேன். முடி அளவுக்கு ஒரு விரிசல், ஒரு வளையத்தைச் சுற்றி ஓடியிருந்தது.

நாலடி உயர ஜாடி அது. அவ்வளவு பெரியதை ஒரே மரத்தில் குடைந்தால் காய்ந்து வெடித்துவிடும். அதனால் சின்னச் சின்னத் துண்டுகளாக அறுத்து, வட்டமாக ஒட்டி வளையமாக்கி, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி ஒட்டி, பிறகுதான் லேத்தில் ஏற்றிக் கடைவோம். முழுக்கத் தேக்கு, நடுநடுவே நாலு இடத்தில் மட்டும் பூவரசின் கருஞ்சிவப்பு வளையம். இந்த ஊரில் இதை என்னைவிட நன்றாகக் கடைகிறவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், என் கையாலேயே காப்பி போட்டுக் கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அது கடற்கரைப் பக்கம் திறக்கப்போகும் ஹோட்டலின் வரவேற்பறையில் நிற்க வேண்டும்.

"இன்னா ஆச்சி, மிஷின நிறுத்திட்ட?" என்று கேட்டுக்கொண்டே ராஜ்கமல் வந்தார். என் வீட்டுக்காரர். முத்தியால்பேட்டையில் எங்கள் தகர ஷெட்டில் மரம் அறுப்பது அவர், துண்டுகளை ஒட்டுவது அவருடைய அம்மா, கடைவது நான்.

"ஒட்டு விட்டுக்குச்சி. வந்து பாருங்க."

குனிந்து பார்த்தார். "இது யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது? மரத்தூளப் பசையில கொழைச்சி அடைச்சிட்டு உப்புத்தாள் போட்டா மறைஞ்சிடும்."

"இன்னைக்கி மறைஞ்சிடும். அங்க ஒரு பக்கம் ஏசி, ஒரு பக்கம் கடக்காத்து. பொங்கலுக்குள்ள வாயத் தொறந்துக்கும். அடியில எம்பேரு எழுதியிருக்கு, உங்க பேரு இல்ல." எனக்குச் சூடு ஏறிவிட்டது. "தேக்குல எண்ணெ இருக்கும், ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர் போட்டுத் தொடைங்கன்னு தலபாடா அடிச்சிக்கறேன். தொடச்சீங்களா இல்லியா?"

"தொடச்சேன் பூர்ணிமா, சத்தியமா."

"கிழிச்சீங்க!"

வழக்கமாக இந்த இடத்தில் அவரும் எகிறுவார். அன்று எகிறவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. மேல்பாதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விரிசலில் உளி நுனியை வைத்து மெல்ல ஒரு தட்டுத் தட்டினேன். ஜாடி இரண்டாகக் கழன்று வந்தது.

தேக்கில் குற்றமில்லை. பூவரசு வளையத்தில்தான், துண்டுக்கு ஒன்றாக, நாலணா அகலத்துக்கு வட்டம் வட்டமாகப் பசை பிடிக்காமல் உரிந்திருந்தது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்!

"இது எப்பிடிங்க இங்க வந்துது?"

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆயுத பூஜைக்கு நான் ஊரில் இல்லை, தங்கை வளைகாப்புக்கு வில்லியனூர் போயிருந்தேன். அப்போது பூவரசு வளையங்கள் மட்டும்தான் தயாராகியிருந்தன. அத்தை லேத்துக்கும் உளிகளுக்கும் பொட்டு வைத்த கையோடு வளையத்துக்கும் வைத்திருக்கிறார். அவர் வேலை பார்த்த மில்லில் மிஷின் அதிரும், வெறும் குங்குமம் உதிர்ந்துவிடும். அதனால் அங்கே நல்லெண்ணெயில் குழைத்துத்தான் வைப்பார்களாம். அந்தப் பழக்கம் கையோடு வந்திருக்கிறது.

"பூசைக்கு மறுநா காலைல பாத்தேன், ஒரு வளையத்துல பொட்டு இருந்துது. துணியப் போட்டுத் தொடச்சேன். செவப்பு போயிடுச்சி, அதோட விட்டுட்டேன்."

செவப்பு போனது, எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத," என்றார். "உங்கால்ல வேணா விழறேன். இந்த ஒரு வளையத்த மாத்திட்டுப் பேசாம இருந்துடலாம்."

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மில் மூடியபிறகு அத்தை பல வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்து அதையே திட்டிக்கொண்டிருந்தார். சோற்றுக்குக்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டும். போன வருஷம் ஒருநாள் தானாக ஷெட்டுக்கு வந்து, நான் கிளாம்ப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒரு கயிற்றைச் சுற்றிக் குச்சி கொடுத்து முறுக்கி, வளையத்தை இறுக்கிக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வளையங்களில் இடைவெளி என்ற பேச்சே இல்லை, அத்தை வீட்டில் சண்டை போடவும் ஆரம்பித்துவிட்டார். உன் கை பட்டுத்தான் கெட்டுப்போச்சு என்று சொன்னால் மறுபடியும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாரோ?

ஆனாலும் மென்று முழுங்குவது எனக்கு வராது. அத்தை தப்புக்கு இவரைத் திட்டிவிட்டு அத்தையிடம் சிரித்துப் பேசுவதா? அவர் என்ன பச்சைக் குழந்தையா?

"அத்த! கொஞ்சம் இப்பிடி வாங்க."

ராஜ்கமல் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அத்தை கையில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே வந்தார். பிளந்து கிடந்த ஜாடியைப் பார்த்ததும் "அடக் கடவுளே!" என்று நின்றுவிட்டார்.

வளையத்தை நீட்டினேன். "மோந்து பாருங்க அத்த. ஆயுத பூஜைக்கு நீங்க வச்ச பொட்டு. எண்ணெ எறங்கின எடத்துல பசை புடிக்கல."

மோந்து பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உரிந்த வட்டங்களை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். தகரத்தின் மேல் மழை பிடித்துக்கொண்டது. போச்சு, அழப்போகிறார் என்று நினைத்தேன். பாழாய்ப்போன வாய் எனக்கு.

"இது மாதிரி கருப்பு வளையம் இதுல எத்தினி இருக்கு?" என்று கேட்டார்.

"நாலு."

"நாலுக்கும் வச்சேன்."

"இல்லம்மா," ராஜ்கமல் குறுக்கே புகுந்தார். "ஒன்னுலதான் இருந்துது. நாந்தான தொடச்சேன்."

"நீ ஒன்னத் தொடைச்சிக்கினு இருந்த. புள்ள தனியா கஷ்டப்படுதேன்னு மிச்ச மூணையும் நானே தொடச்சி அடுக்கினேன்."

மீதி மூன்று வளையங்களும் அதே ஜாடியில், அதே எண்ணெயோடு, எப்போது வாயைத் திறக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தன. ராஜ்கமல் சொன்னதுபோல் ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், ஆள் நடமாடுகிற இடத்தில் ஒருநாள் மேல்பாதி கழன்று விழுந்திருக்கும்.

நான் உடனே ஹோட்டல் மேனேஜருக்கு போன் போட்டேன். ஜாடி அடுத்த புதன்கிழமைதான் வரும் என்றேன். அவர் குதித்தார். "வெள்ளிக்கெழமையே வேணும்னா பிளாஸ்டிக்ல ஒன்னு வாங்கி வைங்க சார். எங்கிட்டேந்துன்னா, புதன்கெழமை. வந்து நின்னுச்சின்னா உங்க ஹோட்டல இடிச்சாக்கூட அது நிக்கும்." கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் எங்கே போவார்?

திரும்பிப் பார்த்தால் அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு பூவரசுக் கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலையும் வெட்டி எடுத்துடு பூர்ணிமா. புதுசு நான் ஒட்டித் தர்றேன்." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "பொட்டு வச்சது தப்புன்னு உனக்கு எப்படா தெரியும்?"

"இப்ப, ஒட்டு பிரிஞ்சப்பதாம்மா. நீ மனசு ஒடிஞ்சிடுவியோன்னுதான் சொல்ல வேணாம்னேன்."

"எம்மனசு ஒடியறது இருக்கட்டும்," என்றார் அத்தை. "நீங்க மறைச்சா நான் எப்பிடிடா வேல கத்துக்கறது?"

ராஜ்கமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா கையிலிருந்த கட்டையை வாங்கிக்கொண்டு போய் அறுக்க ஆரம்பித்தார்.