ஜலதோஷப் பாட்டு

விழுப்புரத்தில் கல்யாண மண்டபத்து மேடைக்குப் பின்னால், ஆரோக்கியராஜ் இரண்டு குச்சி ஐஸைப் பேப்பர் கப்பில் வைத்துக் கொண்டுவந்து மனைவி ஜெசிந்தாவிடம் நீட்டினான். வெளியே ஐப்பசி மழை. ஐஸ் கிடைக்கிற கடையைத் தேடி ஊரையே சுற்றியிருப்பான். சட்டை தொப்பலாக இருந்தது.

"ஜல்தி சாப்புடு ஜெசி. அரை மணி நேரந்தான் இருக்குது. தொண்டை கட்ட வாணாமா?"

பெண்டாட்டிக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று மழையில் அலைகிற புருஷன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். எல்லாம் அந்த ஒரு பாட்டு செய்த வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் திண்டிவனம் மாதா கோவில் பாடற்குழுவில் இருந்த மூன்று பேர், இவள், கீபோர்டு ஆரோக்கியராஜ், கிடார் தேவா, 'சாரல்' என்று பெயர் வைத்துக்கொண்டு 'குடை மறந்த நாள்' பாட்டைப் பதிவு செய்யப் போனார்கள். அன்றைக்கென்று பார்த்து ஜெசிந்தாவுக்குக் கடும் ஜலதோஷம். மூக்கடைத்து, தொண்டை கட்டி, உச்சத்தில் வெறும் காற்றுதான் வந்தது. ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. அழுது முடித்தவள் பாடுகிற மாதிரி இருக்கிறதாம். பஸ், செல்போன், ரிசப்ஷன் எங்கும் அதே பாட்டு. அடுத்த பாட்டை அவள் சொந்தக் குரலில் கணீரென்று பாடினாள். "பழைய பொண்ணு எங்க? இது யாரு?" என்று வீடியோவுக்குக் கீழே எழுதினார்கள். அதற்குப் பிறகு போட்ட ஒன்பது பாட்டையும் சீந்துவாரில்லை. தேவா லாரி ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டான். அவன் கிடார் மட்டும் பென்டிரைவில் வருகிறது. ஜெசிந்தா ஒவ்வொரு மேடைக்கும் முன்னால் ஐஸ் தின்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில், ஜலதோஷமும் இல்லை, ஐஸும் இல்லை, வாயைத் திறந்தால் அந்தப் பாட்டுக் குரலே வந்தது. உச்ச வரியைப் பாடற்குழுவில் புதிதாகச் சேர்ந்த அஸ்வினிக்குக் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை புருஷனுக்குத் தெரியாமல் தொண்டை டாக்டரிடம் போனாள். கட்டின தொண்டையை வைத்தே பாடிப் பாடி உள்ளே காய்த்துப்போயிருக்கிறது என்றார். இன்றிலிருந்து மூன்று மாதம் பாடாமல் இருந்தால் பழைய குரல் திரும்பலாம், இல்லாவிட்டால் இதுதான் கடைசிவரைக்கும் என்றார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மல்லாட்டை வாங்கி உரித்துத் தின்றுகொண்டே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து எதுவுமே உறைக்கவில்லை.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"பாடிட்டு சொல்லு. இப்ப பேசிக்கினு இருந்தா குரல் தெளிஞ்சிடும்."

கப்பை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்துவிட்டு மேடை ஏறினாள். பாடினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் கண் மூடி ஆடினார்கள். பாட்டு முடிந்ததும் ஆரோக்கியராஜ் கீபோர்டைத் தாண்டி அவள் பக்கம் சாய்ந்தான். முகமெல்லாம் பல்.

"அப்பிடியே ரெக்கார்டுல கேக்கற மாதிரியே இருந்துச்சு ஜெசி! ரெண்டு ஐஸு இன்னாமா வேலை செய்யுது பாரு!"

அவன் முதுகுக்குப் பின்னால் கப்பில் இரண்டு குச்சியும் உருகிப்போன ஆரஞ்சுத் தண்ணீரும் இருந்தன. நனைந்த சட்டையோடு சிரிக்கிற அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவளுக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான்.

"ஒன்ஸ் மோர்!" என்று மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கத்தினார்கள். ஆரோக்கியராஜ் தொடக்க இசையை வாசித்தான். அவள் எடுக்க வேண்டிய இடம் வந்தது. எடுக்கவில்லை. தவறவிட்டாள் என்று நினைத்து, அதையே திரும்ப வாசித்தான். மறுபடியும் அந்த இடம் வந்தது.

"ஜெசி..."

பென்டிரைவில் தேவாவின் கிடார் யாருக்கும் காத்திராமல் சரணத்துக்குப் போய்விட்டது. ஆரோக்கியராஜ் மூன்றாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பித்தான். ஜெசிந்தா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உதட்டை மூடிக்கொண்டு நின்றாள்.