என்சைம் மீது விசாரணை

கம்ப்யூட்டர் சொன்னால் எங்கள் பேராசிரியருக்கு அது வேதவாக்கு. மோதிரம்போல வட்டமாக இருக்கும் ஒரு டிஎன்ஏவின் எழுத்து வரிசையையும், டிஎன்ஏவை வெட்டும் ஒரு என்சைமின் பெயரையும் சாப்ட்வேரில் அவரே போட்டார், அவரே பட்டனைத் தட்டினார். 'இந்த என்சைம் இதை எங்கேயும் வெட்டாது' என்று திரையில் வந்தது. நான் இரண்டையும் குழாயில் கலந்து, வெட்டுப்பட்டதா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், பாழாய்ப்போன என்சைம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வெட்டித் தொலைத்தது.

"சாப்ட்வேர் பொய் சொல்லுமா? என்சைம்தான் கட்டுப்பாடு இல்லாம நடந்துக்குது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் என்சைமுக்கு மெமோ வந்தது, ஃப்ரீசர் கதவில் ஒட்டியிருந்தார்கள். விசாரணைக் குழுவாம்! என்சைமுக்கு வாய் இல்லாததால் அதன் சார்பில் நான் பேச வேண்டுமாம். என் வேலைக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்புக் கொடுப்பதும் அதே குழுதான். இதையெல்லாம் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

விசாரணைக்கு முன் சாப்ட்வேரைத் திறந்து பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். டிஎன்ஏ வட்டமானது என்று சொல்ல அதில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. மனுஷன் அதில் டிக் போடவே இல்லை! சாப்ட்வேர் அதை நீளக் கயிறாக நினைத்துக்கொண்டது. என்சைம் தேடும் எழுத்துகளில் பாதி கயிற்றின் முடிவிலும் மீதி தொடக்கத்திலும் கிடந்தன. டிக் போட்டதும் இரண்டு முனையும் சேர்ந்து வெட்டுமிடம் பளிச்சென்று தெரிந்தது.

விசாரணை அறையில் என்சைம் குழாயை ஐஸ் டப்பாவோடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கு நாற்காலி இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பேராசிரியரின் முகம் செத்துப்போனது.

"இதைச் சொல்றது யாரு? நீயா, என்சைமா?" என்று கேட்டார் குழுத் தலைவி.

"என்சைம் சார்பா நான்தான் மேடம்."

"அப்போ என்சைம் சொன்னதாத்தான் எழுதணும்" என்றார் பக்கத்திலிருந்த நிர்வாக அதிகாரி.

குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு தலைவி எழுந்து ஐஸ் டப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "பேராசிரியரே கவனிக்காத தப்பைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. எங்களை மன்னிச்சிடுங்க. இருக்கிறது ஒரே ஒரு நீட்டிப்பு. அது உங்களுக்குத்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கங்கெட்டு நானும் தட்டினேன்.

ஐஸ் டப்பாவை ஏந்திக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா போன் செய்தாள்.

"என்னடி, நீட்டிச்சாங்களா?"

"நீட்டிச்சாங்கம்மா."

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் டப்பாவில் ஐஸ் உருகத் தொடங்கியிருந்தது. என்சைம் கெட்டுப்போனால் அதற்கும் என் தலைதானே உருளும் என்று ஃப்ரீசரை நோக்கி ஓடினேன்.