ஒன்றரை அடி

"இந்த முனையைச் செவுத்தோட ஒட்டிப் பிடிங்கம்மா. ஆட்டாதீங்க."

அவள் பிடித்துக்கொண்டாள். அளவு நாடா அறையின் பின்சுவரிலிருந்து புறப்பட்டு, தையல் மெஷினுக்கு அடியில் புகுந்து, வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கியது. எதிர்வீட்டுப் படியடியில் சர்வேயர் குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு தள்ளுவண்டியும் காத்து நின்றன. அந்தத் தெருவில் ஒரு ஆள் குந்தினால் ஊரே நிற்க வேண்டியதுதான்.

சர்வேயர் எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்சுவருக்குப் பக்கமாகத் தரையில் குனிந்து, அறையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்தார்.

"கோட்டுக்கு வெளிய இருக்கறதெல்லாம் ரோட்டுக்குப் போவுது."

"ரூம் முழுக்கவா?"

"முழுக்கன்னு சொல்ல முடியாதும்மா. செவுத்தோரம் ஒன்றரை அடி நிக்குது."

"செவுத்துக்குப் பின்னால?"

"பின்னால ஒரு செங்கல்கூடப் போகல."

பக்கத்து நடையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த ஓரகத்தி "அப்பாடா" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சர்வேயர் வரைபடத்தை மெஷின் பலகைமேல் விரித்தார். அவள் எட்டிப் பார்த்தாள். துணியில் அளவு குறித்துப் பழகிய கண். கோடுகள் புரிந்தன. எண்களும் புரிந்தன. ஏழு வரும் இடத்திலெல்லாம் ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு இருந்தது. அந்த ஏழை அவள் இதே வீட்டின் நாட்காட்டியில் பார்த்திருக்கிறாள்.

"இது யாரு வரைஞ்சது?"

"உங்க வீட்டு ஆளுதாம்மா. எங்க ஸ்கேல் சார். அவர் கோடு போட்டா மயிரிழை தப்பாது."

படத்தின் மூலையில் தேதி இருந்தது. இரண்டு முறை படித்தாள். பாகப்பிரிவினைக்கு எட்டு மாதம் முந்திய தேதி.

அவளுடைய மூத்தார் நகரமைப்பு அலுவலகத்தில் படம் வரைகிறவர். தெருவிலும் அவருக்கு ஸ்கேல் என்றுதான் பெயர். வெள்ளரிக்காயைக்கூட ஒரே கனத்தில் நறுக்காவிட்டால் தட்டை நகர்த்திவிடுவார். மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் அவர். நடுவிலவன் அவளுடைய புருஷன். இறந்து நாலு வருஷம் ஆகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனை எடுத்துப்போக வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியில் ஒரு மாட்டுக்கும், ஒரு பால்காரனுக்கும், திறந்து கிடந்த சாக்கடைக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓடினார்கள். முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓட வேண்டிய அவசியம் முடிந்திருந்தது.

அதனால் ரோடு வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கோட்டைக்குள் இருந்த பழைய ஊர் அது. தலைச்சுமைக்கும் கைவண்டிக்கும் போட்ட தெருக்கள். எதிர்வரிசை வீடுகளுக்குச் செதுக்கின தூண்கள் இருந்தன. அவை பாதுகாக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆகவே அகலப்படுத்துவது முழுவதும் இந்த வரிசையில்தான் என்று முடிவானது. "இந்த வரிசை வீட்டுக்கும் அதே வயசுதான்" என்றார் பின்தெரு சலவைக்காரர். "தூண் இல்லாத பாவத்துக்கு இடிபடுது."

பாகப்பிரிவினை அன்று சலவைக்காரரும் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். மூத்தார் காகிதத்தை விரித்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, நிதானமாகச் சொன்னார். "தெருவைப் பார்த்த ரூம் இவளுக்கு. தைக்கிற பொழைப்பு. வெளிச்சம் வேணும், வர்றவங்க கண்ணுல படணும். பின்னால இருக்கறதை நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்."

கூடியிருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். "வேற வீடா இருந்தா, புருஷன் இல்லாதவளுக்கு மாடிப்படிக்கு அடியில எடம் காட்டியிருப்பாங்க" என்றார் சலவைக்காரர். "இவர் வீட்டு முகத்தையே குடுத்துட்டாரு." அவளுக்கும் கண் கலங்கியது. அடுத்த வாரம் கொத்தனார் வந்து அவள் அறைக்குப் பின்சுவராகக் குறுக்குச்சுவர் எழுப்பினார். நன்றிக்கு மூத்தாருக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தாள். ஒன்றில் கை அரை அங்குலம் நீளம் என்று அவர் திருப்பித் தந்தார். பிரித்துத் தைத்தாள்.

சாயங்காலம் மூத்தார் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் நடையில் நின்றாள்.

"அத்தான், ரோட்டுப் படம் நீங்க வரைஞ்சதாமே."

"ஆபீஸ்ல ஆயிரம் படம் வரையறேன்."

"தேதி பார்த்தேன்."

அவர் செருப்புகளை ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஓரகத்தி டீயோடு வந்தாள். கொழுந்தன் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தான்.

"அண்ணி, அண்ணன் மேல பழி போடாதீங்க" என்றான். "அப்போ அது முடிவாகாத திட்டம். வந்தாலும் வரும், வராமலும் போகும். அவர் பாட்டுக்குக் கோட்டு மேலயே செவுரு வெச்சிருந்தா உங்களுக்கு அந்த ஒன்றரை அடியும் இருந்திருக்காது. இடிக்கறப்போ நம்ம பக்கம் அதிரக் கூடாதுன்னு அவர்தான் தள்ளி வெக்கச் சொல்லி..."

நிறுத்திக்கொண்டான்.

"டீ ஆறுது தம்பி" என்றாள் ஓரகத்தி.

மூத்தார் ஒரு வாய் குடித்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை.

"யாராவது ஒருத்தர் முன்னால இருந்துதானே ஆகணும்? எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அவனுக்கு ரெண்டு. நீ ஒண்டி ஆளு. உனக்கு எங்க இருந்தா என்ன?"

அவளுக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. நாலு வருஷமாக அதில்தான் குடியிருக்கிறாள். எல்லாரும் குளித்த பிறகு குளிக்க, எல்லாரும் கல்யாணத்துக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள, வந்த விருந்தாளிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்க. ஒண்டி ஆளுதானே. பல தடவை அவளே அதை முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாள். மற்றவர் வாயால் கேட்பதைவிட அது கொஞ்சம் லேசாக இருந்தது.

அன்றைக்குச் சொல்லவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சிவப்புக் கோடு இன்னும் காயவில்லை. அதைத் தாண்டிப்போய்ப் பாயை உதறினாள்.

இடிக்க ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். சலவைக்காரர் தன் கடைக்கு மேலே இருந்த பொட்டி அறையை வாடகைக்கு விட்டார். இஸ்திரிச் சூடு தரை வழியாக ஏறி வரும் அறை. இடிக்கிற அன்று மஞ்சள் இயந்திரம் முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்தது. குறுக்குச்சுவரில் ஒரு கீறல் விழவில்லை. "பார்த்தியா கணக்கை!" என்றான் கொழுந்தன், யாரிடம் என்றில்லாமல்.

வீடு முழுசாகப் போனவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அவள் நிலமெடுப்பு அலுவலகத்தில் மூன்று நாள் வரிசையில் நின்றாள். மூன்றாம் நாள் குமாஸ்தா அவள் பேரைத் தேடி எடுத்தார்.

"உங்களுக்கு வீடு வராதும்மா. பகுதி பாதிப்புன்னு இருக்கு."

"ஒன்றரை அடிதாங்க மிச்சம்."

"மிச்சம்னு இருந்தாலே பகுதிதான்."

"ஒன்றரை அடியில எப்படிக் குடியிருக்கறது?"

குமாஸ்தா அலுத்துப்போன மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கென்னம்மா தெரியும்? குடியிருக்க முடியுமான்னு கேட்க ஃபாரத்துல எடமே இல்ல. மீதி நெலம் உண்டா இல்லையா, அவ்வளவுதான் கேட்குது. உண்டு."

ஆறு மாதத்தில் ரோடு வந்தது. அகலமாகத்தான் வந்தது. அடியில் புதுச் சாக்கடைக்குழாய், ஓரத்தில் கல் பதித்த நடைபாதை. வாடிக்கைக்காரர்கள் அவளைத் தேடிப் பின்தெரு மாடி ஏறவில்லை. ஒரு கால்சட்டை ஓரத்துக்காக யார் மாடி ஏறுவார்கள்? ஒரு திங்கட்கிழமை காலை அவள் மெஷினை இறக்கிக் கொண்டுவந்து தன் ஒன்றரை அடியில், சுவரை ஒட்டிப் போட்டாள். மேலே இரண்டு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினாள். முக்காலி மட்டும் நடைபாதையில் கிடந்தது.

நடைபாதை பார்க்க வந்த மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்தார்.

"மெஷின் உங்க எடத்துல இருக்கு. சரி. நீங்க கார்ப்பரேஷன் எடத்துல இருக்கீங்களே?"

"எதிர்வீட்டுப் படி ரெண்டும் ரோட்டுலதான் இறங்கியிருக்கு. அதைக் கேட்டுட்டு வாங்க. நான் எழுந்திரிக்கறேன்."

மேஸ்திரி எதிரே பார்த்தார். செதுக்கின தூண்களுக்குக் கீழே இரண்டு படிகள் நடைபாதையை விழுங்கிக்கொண்டிருந்தன. "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் ஒருநாள் முதல்முறையாக ஆம்புலன்ஸ் ஒன்று அந்த வழியாகப் போனது. எங்கும் நிற்காமல், யாரையும் ஒதுங்கச் சொல்லாமல் போனது. சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் கால் மிதிக்கட்டையில் அசையாமல் இருந்தது.

மூத்தாரும் கொழுந்தனும் மதிய நேரத்தில் வந்தார்கள். ஓரகத்தியும் வந்து நடை வாசலில் நின்றாள். மூத்தார் கையில் முத்திரைத்தாள் இருந்தது.

குறுக்குச்சுவரை உடைத்து இரண்டு கடை கட்ட அவர் படம் வரைந்து முடித்திருந்தார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் வாடகைக்கு வரச் சம்மதித்துக் காத்திருந்தார். ஆனால் கடைக்கும் ரோட்டுக்கும் நடுவே பதினாலு அடி நீளத்துக்கு அவளுடைய ஒன்றரை அடி கிடந்தது. அதில் அவள் சம்மதம் இல்லாமல் ஒரு கதவு திறக்க முடியாது. இடிபாட்டில் சுவர் அதிரக் கூடாது என்று அவரே தள்ளிவைத்த ஒன்றரை அடி.

"விடுதலைப் பத்திரம்" என்றார். "எங்க பேருக்கு விட்டுக்குடுத்துடு. அப்புறம் உனக்கு மீதின்னு ஒண்ணும் இருக்காது. முழு பாதிப்புன்னு நானே மாத்தி எழுத ஏற்பாடு பண்றேன். அடுக்குமாடியில வீடு வந்துடும். சொந்த வீடு."

"ரெண்டு பஸ் மாறிப் போகணும் அத்தான். அங்க எனக்கு யாரு துணி குடுப்பா?"

"அங்கேயும் மனுஷங்கதானே இருக்காங்க? துணி கட்டாமயா திரியறாங்க?" என்றான் கொழுந்தன்.

"இந்தா பாரு" என்றாள் ஓரகத்தி. "உனக்கு வீடு, எங்களுக்குக் கடை. யாருக்கு என்ன நஷ்டம்? வெயில்ல தெருவுல உட்கார்ந்து கெடக்கறே. பாக்கறவங்க எங்களைத்தான் காறித் துப்பறாங்க."

"துப்பறாங்களாக்கா?"

"கேட்கறாங்கல்ல!"

"எங்கிட்ட யாரும் கேட்கல."

மூத்தார் பேனாவைத் திறந்து மெஷின் பலகைமேல் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தார். அவள் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. அவர் எழுதியதில் எப்போதும் தப்பு இருக்காது. கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்றோடு இந்த வெயில் முடிந்துவிடும். அவளுக்கு முதுகு வலித்தது.

"ஒன்றரை அடியை வெச்சு நீ என்ன பண்ணப் போறே?" என்றார் அவர். "படுக்க முடியுமா? ஒரு அடுப்பு வெக்க முடியுமா?"

"முடியாது."

"பின்ன? உனக்கு என்னதான் வேணும், சொல்லேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"இதைப் பாகம் பிரிக்கப் பேப்பரை விரிச்ச அன்னைக்குக் கேட்டிருக்கணும் அத்தான்."

பேனாவை மூடினாள். முத்திரைத்தாளை அது வந்த மடிப்பிலேயே மடித்து, பேனாவையும் சேர்த்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கொழுந்தன் வாங்கிக்கொண்டான்.

"ஒண்டி ஆளுக்கு இவ்வளவு வீம்பா?" என்றாள் ஓரகத்தி. குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம்.

அவள் மடியில் கிடந்த கால்சட்டையைக் கையில் எடுத்தாள். மூத்தார் இன்னும் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, தார்ப்பாய் நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்தான்" என்றாள். "என் எடத்துல நிக்கறீங்க."

அவர் தன் கால்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கண்ணாலேயே அளந்தார். பிறகு ஓரடி எடுத்து வைத்து வெயிலுக்குள் இறங்கினார்.

பேச்சில் கால்சட்டை ஓரத்து மடிப்பு கலைந்திருந்தது. அவள் அதை முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.