தலைவரோடு ஒட்டிக்கொண்ட தவளை

தவளை என்று எல்லோரும் கூப்பிடும் அந்தச் சிறுமியின் தலையில் சூயிங்கம் ஒட்டிக்கொண்டது. தோழி ஊதிய முட்டை வெடித்ததில் வந்த வினை. மறுநாள் காலை நீச்சல் போட்டி. தொப்பி போடாதவர்களைக் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். அந்தச் சிக்கின் மேல் தொப்பியோ ஏறவே மாட்டேன் என்றது.

கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினால் தீர்ந்தது. ஆனால் தவளை அரசின் பொறுப்பில் இருக்கும் பிள்ளை. பெற்றவள் சிகிச்சையில் இருப்பதால் வளர்ப்புத் தாயின் வீட்டில் இருக்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் முடியைக் குழந்தைகள் நலத் துறையின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்பது விதி. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வீம்புக்கு மொட்டை அடித்துவிட்டார்கள் என்று நல்ல மனதோடு போட்ட விதிதான். “வெட்டிடுங்கக்கா” என்று பெற்றவளே மருத்துவமனையிலிருந்து போனில் சிரித்துக்கொண்டு சொன்னாள். விதியின் காதில் அது விழவில்லை.

அன்று மதியம்தான், அந்த விதியை மாற்றச் சொல்லிக் குழந்தைகளின் வக்கீல் விதிக்குழுவின் முன் பேசவிருந்தார். “அவளையும் கூட்டிட்டு வாங்கக்கா. நான் மூச்சுமுட்டப் பேசுறதை அவ தலை பேசிடும்” என்றார் வளர்ப்புத் தாயிடம்.

பேசியது. தவளை உள்ளே வந்ததும் குழுவினர் கோப்புகளை மறந்தார்கள். எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள்.

“இதுதானா? ஐஸ் வச்சா வந்துடும்” என்று தலைவர் அம்மா தண்ணீர்க் குவளைக்குள் கைவிட்டார்.

“ஐஸ் வேணாம் மேடம், இது போதும்” என்று துணைச் செயலாளர் கைக்குப் பூசும் கிரீமைப் பிதுக்கித் தேய்த்தார்.

“ஐயோ சார், கூசுது!”

கம் இளகிக் காதுவரை பரவியது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தலைவர் அம்மா குனிந்து பார்த்தார். கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடிச் சங்கிலி அதில் பதிந்தது. அவர் நிமிர்ந்தார், தவளையின் தலையும் கூடவே வந்தது. சங்கிலியைத் தலைவழியே கழற்றவும் முடியவில்லை.

“ஆ! என் முடி!”

“ஐயையோ, என் கண்ணாடி!”

யாரோ கத்தரிக்கோலை நீட்ட, வக்கீல் நடுவில் பாய்ந்தார். “மன்னிக்கணும் மேடம். அனுமதி இல்லாம வெட்டக் கூடாது.”

“அனுமதி எப்ப வரும்?”

“போன தடவை மூணு மாசம் ஆச்சுங்க.”

“அதுவரைக்கும் நான்?”

“எங்க வீட்டுக்கு வந்துடுங்க ஆன்ட்டி. என் கட்டில்ல இடம் இருக்கு. தூக்கத்துல உதைப்பேன், அவ்வளவுதான்” என்றாள் தவளை.

துணைச் செயலாளர் சிரித்ததில் கிரீம் டப்பா கீழே விழுந்தது.

“சரிப்பா, இவளுக்கு நானே அனுமதி தர்றேன்!” என்றார் தலைவர் அம்மா.

“இவளுக்குக் கிடைச்சிடும் மேடம். மத்த பிள்ளைங்க யார் கழுத்துல போய் ஒட்டிக்கறது?” என்றார் வக்கீல்.

தலைவர் அம்மா மேசைப் பக்கம் கையை நீட்டி, “அந்தத் திருத்தத்தைக் கொண்டாங்க” என்றார். இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படித்தார்கள். முடி வெட்டுவது போன்ற அன்றாடக் காரியங்களை வளர்ப்பவர்களே முடிவு செய்யலாம் என்றிருந்தது.

“என்னைக் கேக்க வேணாமா? தலை என்னோடதுதானே!” என்றாள் தவளை.

வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்காகவே வாதாடுகிறவர் பிள்ளையைக் கேட்க மறந்திருந்தார். ‘பிள்ளையைக் கேட்டு’ என்று சேர்த்தார்கள். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கினார்கள். தவளை இரண்டு கையையும் தூக்கினாள்.

கத்தரிக்கோல் வளர்ப்புத் தாயின் கைக்கு வந்தது. காய்ச்சலில் அந்தத் தலையை மடியில் தாங்கியவர்தான். ஆனாலும் இப்போது கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

“வெட்டட்டுமா கண்ணு?”

தவளை உதட்டைப் பிதுக்கினாள். “யோசிச்சுச் சொல்றேன் பெரியம்மா.”

“அம்மா தாயே, சீக்கிரம் யோசி! இடுப்பு ஒடியுது!” என்று அலறினார் தலைவர் அம்மா.

“சரி, வெட்டுங்க.”

நறுக்.

தவளை அங்கேயே பையிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டினாள். காதுவரை இறங்கியது. “நாளைக்கு நீச்சல் போட்டிக்கு நான் ரெடி!” என்றாள். தலைவர் அம்மா சங்கிலியில் ஆடிய முடிக்கற்றையோடே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்: “போட்டி எத்தனை மணிக்குடி?”