அக்காவுக்குப் போட்ட நாற்காலி

தங்கையின் பாத்தியில் விளைந்த ஒரு கோதுமை மணி தராசின் பித்தளைத் தட்டை வளைத்துவிட்டது. பார்க்க மற்ற மணிகளைப் போலத்தான் இருந்தது. எடை மட்டும் படிக்கல் எடை. ஆராய்ச்சிப் பண்ணையில் வேறு தராசு வாங்கினார்கள்.

அக்காவும் அதே பண்ணையில்தான் இருந்தாள். தங்கை சேர்வதற்குப் பல வருஷம் முன்பிருந்தே இடுக்கியால் பூவின் மகரந்தப் பைகளைப் பிடுங்கி, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, கதிருக்குக் காகித உறை மாட்டிக்கொண்டிருந்தாள். தங்கை வந்தாள்; எல்லாரும் அவளிடமே சிரித்துப் பேசினார்கள். அக்கா பொருமிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்திலும் தங்கையின் பாத்தியையே பார்த்து நின்றாள். கனமான மணி கொண்டுவருகிறவருக்கே புது ரகம் உருவாக்கும் கலப்பு அறையின் சாவி என்று பண்ணைத் தலைவர் சொல்லியிருந்தார். உறையை ஒழுங்காக மாட்டக்கூடத் தெரியாத தங்கையின் இடுப்புக்கு அது போனது.

அந்த விதையை வேறு ஊரில் விதைத்தபோது சாதாரண மணிதான் விளைந்தது. கனம் பரம்பரையில் இறங்கவில்லையே என்று தலைவர் தலையைச் சொறிந்தார். அக்கா காய்ச்சலில் படுத்த வாரம் தங்கையின் கதிர்கள் இளைத்தன. அவள் வந்து பார்த்ததும் தேறின. விஷயம் விளங்கிவிட்டது. பாத்தி ஓரத்தில் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பார்ப்பதுதான் வேலை.

“அக்கா, இன்னிக்கு நல்லா வயிறெரிஞ்சு பாரு. எடை கம்மியாயிருக்கு,” என்பாள் தங்கை, சாவியை ஆட்டிக்கொண்டே.

“எரியறதுக்கு இனிமே என்னடி இருக்கு? சாம்பல்தான் மிச்சம்.”

நாற்காலிக்குக் குடை வந்தது. குடைக்குப் பின்னால் டீ வந்தது. ஒருநாள் தலைவரே வந்து, “வெயில் படுதாம்மா?” என்று கேட்டார். குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

“என்னை யாராச்சும் ஒரு நாள் அப்படிக் கேட்டிருப்பீங்களா?”

அக்கா கவனிக்காமல் விட்டிருந்த தன் சொந்தப் பாத்தியில் கதிர்கள் அன்று மாலையே கனத்துத் தரையைத் தொட்டன.

அறுவடையில் சாவி அக்காவிடம் வந்தது. தங்கை அதைப் பார்த்த பார்வையில் அடுத்த பருவமும் அது அக்காவிடமே தங்கியது. பிறகு தங்கைக்குப் பெண் பிறந்தது. சாவி திரும்பிப் போனது. அக்காவுக்கும் பெண் பிறந்ததும் மறுபடி வந்தது. பண்ணையில் இரண்டாவது நாற்காலி வாங்கி எதிரெதிராகப் போட்டார்கள்.

விதைகள் வேறு மண்ணில் இன்றும் சாதாரணமாகவே விளைகின்றன. ஆனால் சென்ற பருவத்தில் தங்கையின் மகள் புது ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். அக்காவின் மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரிப்பன்காரி விளையாட்டாக ஊன்றியிருந்த ஒற்றைக் கோதுமைச் செடி, கனம் தாங்காமல் சாய்ந்தது. தலைவர் தச்சரைக் கூப்பிட்டு, இரண்டு சின்ன நாற்காலிகளுக்கு அளவு சொன்னார்.